டெஸ்ட் நாளன்று வண்டியில் யார் இருப்பார்கள்?

கார் ஓட்டக் கற்றுத்தருவது என் தொழில். பதினோரு வருஷமாகப் பக்கத்து சீட்டில்தான் பிழைப்பு, காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்தால் எந்த வண்டி வாங்கலாம், மணிக்கு எவ்வளவு கேட்கலாம், மாணவர்களை எப்படிப் பிடிப்பது என்றுதான் கேட்பார்கள். இன்சூரன்ஸை எப்படி வாங்குவது, யாரிடம் வாங்குவது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. முதல் நாலு வருஷம் நானும் கேட்கவில்லை, அதற்கான விலையை ஒரு புதன்கிழமை காலையில் கொடுத்தேன்.

சிக்னலில் பச்சை விழுந்தது. ஸ்டியரிங்கில் இருந்த பெண்ணுக்கு அது பதினாலாவது வகுப்பு, நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள், கிளட்சை மட்டும் ஒரு நொடி முன்னதாக விட்டுவிட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்து போனது. பின்னால் நின்ற வேன்காரர் நாங்கள் கிளம்பிவிட்டோம் என்று நினைத்து அவரும் கிளம்பிவிட்டார். கற்றுத்தரும் வண்டிக்கு இப்படித்தான் அடிபடும், வேகத்தில் போய் மோதுவதைவிட நின்ற இடத்தில் பின்னாலிருந்து வாங்குவதுதான் நாங்கள் அதிகம் பார்ப்பது. யாருக்கும் காயமில்லை. பின் பம்பர் போய், டிக்கி மூடி மடங்கி, அடித்தகடு உள்ளே தள்ளியிருந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "என் தப்புதானே மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இல்லம்மா, நின்ன வண்டியை இடிச்சது அவர்தான்," என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கிளெய்ம் ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது. தவறு பின்னால் வந்தவர் மேல் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது, சர்வேயர் வந்து பார்த்தார், வண்டி பட்டறைக்குப் போனது. பாலிசியில் மாற்று வண்டி உண்டு என்று போட்டிருந்தது, மறுநாளே வந்தும் விட்டது. சாவியை வாங்கி, கதவைத் திறந்து, பழக்கத்தில் பக்கத்து சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். வெறும் கால்மிதி. பெடல் இல்லை.

போன் செய்து கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: மாற்று வண்டி உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும், கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, அது பாலிசியிலேயே இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், இருந்தது. என் வண்டி திரும்பி வர 23 நாள் ஆயிற்று. அந்த 23 நாளும் ஒரு வகுப்பு இல்லை, ஒரு பைசா வரவில்லை. எட்டு நாளில் டெஸ்ட் வைத்திருந்த ஒரு பையனை வேறொரு பயிற்றுநரிடம் அனுப்பினேன், அவன் அங்கேயே தங்கிவிட்டான். அதில் தப்பே இல்லை, ஆனாலும் அந்த வருத்தம் போக நாளாயிற்று.

அந்த பாலிசி என்னை ஏமாற்றவில்லை. சொன்னதை எல்லாம் கொடுத்தது. நான் வாங்கிய விதம்தான் கோளாறு. விலைகளை வரிசைப்படுத்திக் காட்டும் ஓர் இணையதளத்தில் பத்தே நிமிஷத்தில் வாங்கியது அது. தொழில் என்ற கட்டத்தில் டிரைவிங் பயிற்றுநர் என்று தேர்ந்தெடுத்தேன், கீழே குறைந்த விலை மேலே வருகிற மாதிரி ஒரு பட்டியல் விழுந்தது, முதலாவதை அழுத்தினேன். அந்தப் பத்து நிமிஷத்தில் அது என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் வண்டியைப் பற்றியும் என் வயதைப் பற்றியும்தான். என் வேலையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை, அதுவும் நான் தேர்ந்தெடுத்த அந்தக் கட்டம். அதற்குப் பிறகு யாரிடம் வாங்கலாம் என்று அலைந்தபோது நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: விற்கிறவர் என்னிடம் என்ன கேட்கிறார்?

எங்கள் வேலை மற்றவர்கள் வேலை மாதிரி இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். சாதாரண கார் பாலிசி, வண்டியை ஓட்டத் தெரிந்த ஒருவரோ இருவரோ ஓட்டுவார்கள் என்று நினைத்து எழுதப்படுவது. எங்கள் வண்டியை நாள் முழுக்க ஓட்டுவது ஓட்டத் தெரியாதவர்கள், அதுவும் மணிக்கு ஒருவர். பெயர் பெயராக எழுதி முடியாது, அதனால் "பயிற்சியில் உள்ள எவரும்" என்ற மாதிரி ஒரு வாசகம் வேண்டும், அதற்குள்ளும் வயது வரம்பு ஒளிந்திருக்கும். கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுப்பது சொந்த உபயோகத்தில் சேராது, பல இடங்களில் பொதுவான தொழில் உபயோகத்தில்கூடச் சேராது, பயிற்சி என்றே தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் ஓட்டி விபத்து நடந்தால், தர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயமாக உள்ள பல நாடுகளில் அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் திருப்பிக் கேட்க வழி உண்டு. உங்கள் வண்டிக்கு ஒன்றும் வராமலும் போகலாம். கூடுதல் பெடல் பொருத்தியதே வண்டியில் செய்த மாற்றம்தான், அதையும் சொல்லியாக வேண்டும். கூரையில் மாட்டும் பலகையை, பக்கவாட்டில் ஒட்டும் ஸ்டிக்கரைக்கூட நான் சொல்லிவிடுவேன்.

கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்காக ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். சுமத்ராவில் ஆங்கிலேயர்கள் வைத்திருந்த மார்ல்பரோ கோட்டையை எதிரிகள் பிடித்துவிடக்கூடும் என்று அதன் ஆளுநர் லண்டனில் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார், 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தும் விட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை ஆளுநர் மறைத்துவிட்டார் என்று சொல்லி இன்சூரன்ஸ் விற்றவர் பணம் கொடுக்க மறுத்தார். 1766இல் அந்த வழக்கைக் கேட்ட நீதிபதி லார்ட் மான்ஸ்ஃபீல்ட், ஆபத்தைப் பற்றிய விவரம் பெரும்பாலும் வாங்குகிறவருக்குத்தான் தெரியும், விற்கிறவர் அவரை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார், ஆகவே தெரிந்ததை மறைக்கக் கூடாது என்றார். ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தது ஆளுநர்தான். கோட்டையின் நிலைமை விற்கிறவர் தானே அறிந்திருக்கக்கூடியது, தெரிந்தே ஒப்புக்கொண்டுவிட்டு அப்புறம் சாக்குச் சொல்லக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் வந்தது.

இந்தப் பழைய விதியைப் பிரிட்டன் 2012இல் தனிமனிதர்களுக்குத் தளர்த்தியது: கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். தொழிலுக்காக வாங்குகிறவர்களுக்கு 2015இல் வந்த சட்டம் வேறு. அவர்கள் தங்கள் ஆபத்தைத் தாங்களாகவே நியாயமாக எடுத்துவைக்க வேண்டும். சொந்தக் காருக்கு பாலிசி வாங்கிய பழக்கத்திலேயே தொழிலுக்கும் வாங்குகிறோம், ஆனால் படிவத்தில் தொழில் என்ற அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் நாம் வேறு ஆளாகிவிடுகிறோம். எந்த நாட்டில் சட்டம் எப்படி இருந்தாலும் நான் செய்வது ஒன்றுதான், கேட்காததையும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

சரி, இனி யாரிடம் வாங்குவது என்பதற்கு வருகிறேன். 23 நாள் சும்மா இருந்தேனே, அந்த நாட்களில்தான் எல்லா வழியையும் போய்ப் பார்த்தேன்.

கம்பெனிக்கே நேராகப் போன் செய்தேன். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். திரையில் உள்ள கேள்விகளை வரிசையாக வாசித்தார், நான் குறுக்கே ஏதாவது சொன்னால் "அதற்கு இங்கே இடமில்லை மேடம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நேரடியாக வாங்குவதில் ஒரு நன்மை உண்டு, நடுவில் ஆள் இல்லாததால் நீங்கள் சொன்னது அப்படியே அவர்கள் பதிவில் ஏறும். உங்கள் நிலைமை அவர்கள் படிவத்துக்குள் அடங்கினால் அது நல்ல வழி. ஒரே வண்டி, நகரத்துக்குள் மட்டும், பெரியவர்களுக்கு மட்டும் பாடம் என்றால் அடங்கலாம். எனக்கு அடங்கவில்லை.

ஏஜென்ட் ஒருவரைப் பார்த்தேன். ஏஜென்ட்டும் புரோக்கரும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பொதுவாக ஏஜென்ட் கம்பெனியின் ஆள், கம்பெனி சார்பில் விற்கிறவர். புரோக்கர் வாங்குகிறவர் சார்பில் சந்தையில் போய்ப் பார்த்து வருகிறவர். இரண்டு பேருக்கும் கமிஷன் உண்டு, அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, எவ்வளவு என்று நேராகக் கேட்கலாம். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். நான் பார்த்த ஏஜென்ட் நல்ல மனிதர், எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர், "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா, நான் இருக்கேன்ல" என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது, அதனாலேயே அவரிடம் வாங்கவில்லை. பழக்கமானவரிடம் வாங்குவதில் உள்ள கஷ்டம் அதுதான், கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வராது.

பிறகு பயிற்றுநர்கள் சங்கங்கள் நடத்தும் கூட்டுத் திட்டம். இது பலருக்குப் பொருந்தும். எல்லோரும் ஒரே தொழில் என்பதால் வாசகங்கள் தொழிலுக்கு ஏற்ப இருக்கும், பயிற்சி உபயோகம், டெஸ்ட், மாற்று வண்டி எல்லாம் யோசித்துச் சேர்த்திருப்பார்கள். ஆனால் பாலிசி சங்கத்தின் பெயரில் இருக்குமா உங்கள் பெயரில் இருக்குமா என்று பாருங்கள். சந்தா கட்ட மறந்தால் காப்பீடும் சேர்ந்து போய்விடுமா என்றும் பாருங்கள். உங்கள் பெயரும் தேதியும் உள்ள ஒரு சான்றிதழ் கையில் வராதவரை வண்டியை எடுக்காதீர்கள்.

பெரிய டிரைவிங் ஸ்கூலின் கீழ் சேர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு வண்டியும் இன்சூரன்ஸும் சேர்த்தே வந்துவிடும், வாராவாரம் ஒரு தொகை கட்டினால் போதும். தொடக்கத்தில் இது பெரிய நிம்மதி, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்னோடு பழகும் ஓர் அண்ணன் ஆறு வருஷம் அப்படி ஓட்டினார், ஒரு கிளெய்ம் கூட இல்லை. தனியாகத் தொழில் தொடங்கி பாலிசி வாங்கப் போனபோது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குக் கிடைக்கும் சலுகை, எத்தனை வருஷத்துக்கு இருக்கிறது என்று கேட்டார்கள், அவர் பெயரில் ஒரு வருஷம்கூட இல்லை. ஆறு வருஷமும் பாலிசி ஸ்கூலின் பெயரில் இருந்தது, அவர் கணக்கு முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தது. சேரும்போதே ஒரு வார்த்தை கேட்டு, கிளெய்ம் இல்லாமல் ஓட்டினேன் என்று வருஷா வருஷம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தால் கொஞ்சமாவது உதவியிருக்கும். இதைப் படிக்கிறவர் யாராவது இப்போது அப்படி ஓட்டிக்கொண்டிருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

கடைசியாக ஒரு புரோக்கர். வண்டி, வயது எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: "டெஸ்ட் நாளன்று வண்டியில் யார் இருப்பார்கள்?"

நான் ஒரு நிமிஷம் பேசவில்லை. டெஸ்ட் நாளன்று மாணவர் ஸ்டியரிங்கில் இருப்பார், பக்கத்தில் என் சீட்டில் தேர்வாளர் இருப்பார், நான் பின்னால் இருப்பேன், அல்லது வண்டியிலேயே இருக்க மாட்டேன். என் பழைய பாலிசியில் "பயிற்றுநர் உடனிருக்கும்போது மட்டும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு எத்தனை பேரை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று அங்கேயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கை நடுங்கியது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. மாணவர் தன் சொந்த வண்டியைக் கொண்டுவந்து அதில் பாடம் கேட்டால்? அதில் எனக்குப் பெடல் கிடையாது, பாலிசி அவருடையது, அதில் கட்டணப் பயிற்சி விலக்கப்பட்டிருக்கலாம். பெடல் பொருத்திய மாற்று வண்டி எத்தனை நாளில் வரும், கட்டாயம் வருமா, கிடைத்தால்தான் வருமா? ஒரு சக்கரம் ஓரக்கல்லில் உரசினால், கம்பெனி கொடுப்பதற்கு முன் உங்கள் கையிலிருந்து போட வேண்டிய முதல் தொகை எவ்வளவு, ஓட்டியவர் மாணவர் என்றால் அந்தத் தொகை கூடுமா? கற்றுக்கொடுக்கும் வண்டியில் சின்னச் சின்ன உரசல்தான் நிறைய. முதல் தொகை அதிகமாக இருந்தால் அவை எல்லாம் உங்கள் கையைத்தான் கடிக்கும், பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். வருடப் பணத்தை மாதாமாதம் கட்டினால் அது பல இடங்களில் வட்டிக்கு வாங்கிய கடன், அதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள் என்றார்.

அவரிடம்தான் வாங்கினேன். இணையத்தில் கண்ட விலையைவிடக் கூடுதல்தான். புரோக்கர் எல்லோரும் இப்படி என்று சொல்ல வரவில்லை, போனில் பேசுகிறவர்களிலும் இந்தத் தொழில் தெரிந்தவர் கிடைக்கலாம். அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கிறவர் யாரோ அவரிடம் போங்கள், அவ்வளவுதான். ஒருவரும் கேட்கவில்லை என்றால் நீங்களே அந்தக் கேள்விகளை ஈமெயிலில் எழுதி எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள், பதில் எழுத்தில் வரட்டும். விலையை அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள், அப்போதுதான் ஒரே பொருளின் விலையை ஒப்பிடுகிறோம்.

வண்டிக்கு வெளியே உள்ளது இன்னொரு விஷயம், இதில் நான் ரொம்ப நாள் ஏனோதானோ என்று இருந்தேன். இங்கிலாந்தில் ஒருவர் தெரிந்த பெண்ணுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சம்மதித்தார். தொழில்முறைப் பயிற்றுநர் அல்ல, ஆனாலும் உட்காருவதற்கு முன்னால் இன்சூரன்ஸைக் கேட்டார், பயணிக்கும் சேர்த்து முழுக் காப்பீடு இருப்பதைக் காட்டினார்கள், அப்புறம்தான் ஏறினார். மூன்றாவது பாடத்தில் இடப்பக்கம் திரும்பிய வண்டியை அந்தப் பெண் நேராக்கவில்லை, விளக்குக் கம்பத்தில் மோதியது, கற்றுக்கொடுத்தவருடைய முழங்கால் சில்லு உடைந்தது. 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் லார்ட் டென்னிங் உள்ளிட்ட நீதிபதிகள், கற்றுக்கொள்பவர் என்பதற்காகத் தரம் குறையாது, தேர்ந்த ஓட்டுநரின் கவனமே அவரிடமும் எதிர்பார்க்கப்படும் என்றார்கள். அதே சமயம் கற்றுக்கொடுத்தவரும் வண்டியைக் கட்டுப்படுத்துவதில் பங்கு வகித்தவர் என்று இழப்பீட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். ஜெர்மனியில் இன்னும் கடுமை: உரிமம் இல்லாத மாணவர் பயிற்சியில் ஓட்டும்போது, சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பார்வையில் பயிற்றுநர்தான் ஓட்டுநர்.

காலடியில் பெடல் இருக்கும் எவரும் இதை யோசிக்க வேண்டும். விபத்து நடந்தால் பிரேக்கை ஏன் மிதிக்கவில்லை என்ற கேள்வி நம்மை நோக்கி வரும். ரோட்டில் நடந்ததை வண்டி பாலிசி பார்த்துக்கொள்ளலாம். கற்றுக்கொடுத்ததே தப்பு என்று பின்னால் யாராவது வந்தால் அதற்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு என்று வேறு ஒன்று இருக்கிறது. இந்த வகையில் பல பாலிசிகள், தப்பு நடந்த நாளில் இருந்தால் போதாது, புகார் வருகிற நாளிலும் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் தொழிலை விடும்போதோ கம்பெனி மாற்றும்போதோ பழைய வருஷங்களுக்கும் சேர்த்துத் தொடர்கிறதா என்று கேட்க வேண்டும். அப்புறம் நம் உடம்பு. கழுத்தும் முழங்காலும் போனால் பெடலை யார் மிதிப்பது? வருமான இழப்புக்கு எடுக்கும் பாலிசியில் எத்தனை வாரம் காத்திருந்த பிறகு பணம் வரும் என்பதை மட்டும் முதலில் பாருங்கள். கையிருப்பு அத்தனை வாரம் தாங்கினால் நீண்ட காத்திருப்பு விலை குறைவு, தாங்காது என்றால் குறுகியதுதான் வேண்டும்.

வாங்கின பிறகு நம் பக்கத்து வேலை ஒன்று உண்டு. பாலிசி செல்ல வேண்டுமானால் ஓட்டுகிறவரிடம் செல்லுபடியாகும் பழகுநர் உரிமம் இருக்க வேண்டும், அது காலாவதியானதை மாணவர்களே கவனிப்பதில்லை. டேஷ்போர்டு அறையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், உரிமம் முடியும் தேதி, நான் பார்த்த தேதி, பக்கத்தில் அவர்கள் கையெழுத்து. முடியப்போகிற தேதியைச் சிவப்பில் வட்டமிட்டுவிடுவேன். போன மாதம் ஒரு பையன் வாசலில் வந்து நிற்கிறான், உரிமம் முந்தின நாள் முடிந்திருக்கிறது. "இன்னிக்கு மட்டும் விடுங்க மேடம், சுத்தி ஒரு ரவுண்டு" என்றான். சாவியைக் கொடுக்கவில்லை. வண்டியை நானே ஓட்டினேன், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சந்திப்புகளில் நான் எதைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் போனோம். பணம் வாங்கவில்லை.

புதுப்பிக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டேன், புதியது கையில் வந்த பிறகுதான் பழையதை விடுவேன். இந்த முறை ஈமெயிலில் இரண்டு கேள்வி கூடியிருக்கிறது, ஏனென்றால் அடுத்த வண்டி எலக்ட்ரிக்காக இருக்கலாம். கிளட்ச் இல்லாத வண்டியில் எனக்கு ஒரு பிரேக் பெடல்தான், அதைப் பொருத்தியபின் வண்டிக் கம்பெனியின் வாரண்டி நிற்குமா, அடியில் அடிபட்டு பேட்டரி சேதமானால் முழுத் தொகையும் வருமா? புரோக்கருக்கு நேற்று அனுப்பிவிட்டேன். விசாரித்து எழுத்திலேயே சொல்கிறேன், அதுவரை வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள் என்று பதில் போட்டிருக்கிறார்.